காலாவதியாகாத சாவிகள்

2020 ஜூலையில் மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் தங்கள் தரவுகளை மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஓர் இணைப்பை வெளியிட்டார்கள். அந்த இணைப்பின் வாலிலேயே, மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையான அஸூரின் சேமிப்பகத்தைத் திறக்கும் டோக்கனும் ஒட்டிக்கொண்டிருந்தது. சில கோப்புகளுக்கு மட்டும் வழிவிட்டிருக்க வேண்டிய அது, சேமிப்பகக் கணக்கு முழுவதற்கும் வழிவிட்டது. படிக்க மட்டுமல்ல, மாற்றவும் அழிக்கவும்கூட அனுமதித்தது. உள்ளே 38 டெராபைட் தரவு கிடந்தது. இரண்டு ஊழியர்களின் கணினிக் காப்புநகல்கள், கடவுச்சொற்கள், 359 ஊழியர்களுக்குச் சொந்தமான 30,000-க்கும் மேற்பட்ட டீம்ஸ் செய்திகள் எல்லாம் அதில் அடக்கம். விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023 ஜூனில் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் அந்த வழி அடைக்கப்பட்டது.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது தரவின் அளவை அல்ல, தேதிகளை. விஸ் வெளியிட்ட காலவரிசைப்படி அந்த டோக்கன் 2021 அக்டோபர் 5 அன்று காலாவதியாக வேண்டியது. மறுநாளே அதன் ஆயுள் 2051 அக்டோபர் 6 வரை நீட்டிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள். இயந்திரங்களுக்கு நாம் கொடுத்துவைக்கும் அடையாளச் சான்றுகளின் சிக்கல் முழுவதும் அந்த ஒரே நாளில் தெரிகிறது. மேகக் கணிமையில் நடந்த பெரிய ஊடுருவல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், சாவி எவ்வளவு பத்திரமாக ஒளித்துவைக்கப்பட்டது என்பது இரண்டாம் கேள்வியாகிவிடுகிறது. அதற்கு முடிவுத்தேதி இருந்ததா, அது எத்தனை கதவுகளைத் திறந்தது, அதற்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருந்தாரா என்ற மூன்றும்தான் சேதத்தின் அளவைத் தீர்மானித்திருக்கின்றன.

முதலில், எந்தச் சாவிகளைப் பற்றிப் பேசுகிறோம்? வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்க்கிறீர்கள். நீங்கள் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் கொடுப்பது ஒரே ஒரு முறைதான். அதற்குப் பின்னால் ஒரு நிரல் இன்னொரு நிரலை அழைக்கிறது, அது தரவுத்தளத்தை அழைக்கிறது, கணக்கறிக்கையை உருவாக்கும் சேவை சேமிப்பகத்தை அழைக்கிறது. ஒவ்வோர் அழைப்பிலும் ‘நீ யார்?’ என்ற கேள்வி உண்டு. ஆக்சஸ் கீ, சேவைக் கணக்கின் கடவுச்சொல், டிஜிட்டல் சான்றிதழ், ஓஆத் டோக்கன் என்று பல வடிவங்களில் அதற்குப் பதில் போகிறது. மனிதருக்கு ஓ.டி.பி. கேட்கலாம், இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடும் நிரலிடம் கேட்க முடியாது. மனிதர் வேலையை விட்டுப் போனால் மனிதவளத் துறை அவர் கணக்கை மூடச் சொல்லும். நிரல் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதில்லை. மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2025-இல் வெளியிட்ட, மனிதரல்லாத அடையாளங்களுக்கான பத்து ஆபத்துகளின் பட்டியலில் முதலிடம் பெற்றிருப்பதும் இதுதான்: பயன்பாடு முடிந்த பிறகும் மூடப்படாத கணக்குகளும் சாவிகளும்.

கசிவு எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு நிரலாளர் தன் மடிக்கணினியில் சோதித்துப் பார்க்க ஆக்சஸ் கீயை ஓர் அமைப்புக் கோப்பில் எழுதிவைக்கிறார். மாலையில் எல்லாக் கோப்புகளையும் மொத்தமாகச் சேர்த்து கிட்டில் கமிட் செய்கிறார், பிறகு கிட்ஹப்புக்கு அனுப்புகிறார். சற்று நேரத்தில் தவறு தெரிந்து, அந்த வரியை நீக்கி இன்னொரு கமிட் போடுகிறார். கோப்பைத் திறந்தால் இப்போது எதுவும் இல்லை. ஆனால் கிட் எதையும் மறப்பதில்லை. பழைய கமிட்டைத் திறந்தால் சாவி எழுத்துப் பிசகாமல் அங்கேயே இருக்கும். களஞ்சியத்தை அதற்குள் யாராவது நகலெடுத்திருந்தால், வரலாற்றையே திருத்தி எழுதினாலும் பயனில்லை. செய்யக்கூடியது ஒன்றுதான். சாவியை உடனே செல்லாததாக்க வேண்டும். வரியை நீக்குவது வேறு, சாவியை ரத்து செய்வது வேறு என்ற இந்த வித்தியாசம் இன்னும் பரவலாக உறைக்கவில்லை என்பதற்கு எண்களே சாட்சி. 2024-இல் மட்டும் கிட்ஹப்பின் பொதுக் களஞ்சியங்களில் 2.38 கோடி புதிய ரகசியங்கள் கசிந்ததாக கிட்கார்டியன் நிறுவனம் கணக்கிட்டது. அதைவிடக் கவலை தருவது அதே அறிக்கையின் இன்னொரு கணக்கு: 2022-இல் கசிந்தவற்றில் 70 சதவீதம் இன்னமும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தன.

டொயோட்டாவுக்கு நேர்ந்ததும் இதுவே. கார்களை இணையத்தோடு இணைக்கும் அதன் டி-கனெக்ட் சேவையின் நிரலில் ஒரு பகுதி, ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியாக 2017 டிசம்பரில் கிட்ஹப்பில் பொதுவாகப் போய்விட்டது. தரவு சர்வரின் ஆக்சஸ் கீ அதனுள்ளே இருந்தது. 2022 செப்டம்பர் வரை யாரும் கவனிக்கவில்லை. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அதுவரை திறந்து கிடந்தன. ஊபரில் 2016-இல் நடந்த ஊடுருவலில் களஞ்சியம் பொதுவானதுகூட அல்ல. தனியார் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்கள் அங்கிருந்த அமேசான் சாவியை எடுத்து, 5.7 கோடிப் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்களை அள்ளினார்கள். எதிர்த்தரப்பின் வேகத்தையும் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே கிட்ஹப்பில் கசியவிட்ட அமேசான் சாவிகளை ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துப் பயன்படுத்திய ஒரு கும்பலைப் பற்றி பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக் குழு 2023 அக்டோபரில் எழுதியது.

கிட்ஹப் 2024 முதல் பொதுக் களஞ்சியங்களுக்குள் சாவிகள் நுழையும்போதே தடுத்து நிறுத்துகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் தெரிந்த வடிவமுள்ள சாவிகளைத்தான் இப்படி நம்பகமாகப் பிடிக்க முடியும். நிரலாளர் தானே யோசித்து வைத்த தரவுத்தளக் கடவுச்சொல் வெறும் எழுத்துக்கோவை. அதில் சந்தேகப்பட அடையாளம் ஏதும் இருக்காது.

சாவியை நிரலில் வைக்காதே, பெட்டகத்தில் வை என்பது அடுத்த அறிவுரை. ஹாஷிகார்ப் வால்ட், அமேசானின் சீக்ரெட்ஸ் மேனேஜர், அஸூரின் கீ வால்ட் எல்லாம் இதற்காக வந்தவை. யார் எப்போது எந்த ரகசியத்தை எடுத்தார்கள் என்ற பதிவு கிடைக்கிறது, மாற்றுவதற்கு ஒரே இடம் போதும். இவை பெரிய நன்மைகள். ஆனால் பெட்டகத்திடம் தன்னை நிரூபிக்க நிரலுக்கு இன்னொரு சாவி வேண்டுமே, அதை எங்கே வைப்பது? துறையில் ‘சீக்ரெட் ஸீரோ’ என்று பேசப்படும் இந்தப் புதிருக்குப் பெட்டகம் தானாக விடை சொல்லாது. இன்னொரு குறையும் உண்டு. பயன்படுத்தும் கணத்தில் ரகசியம் வெளியே வந்தே தீர வேண்டும். நிரல்களைக் கட்டி அனுப்பும் சேவையான சர்க்கிள்சிஐ, 2023 ஜனவரியில் தன் வாடிக்கையாளர்கள் அனைவரையும் எல்லா ரகசியங்களையும் மாற்றிவிடும்படி கேட்டுக்கொண்டது. அங்கே ரகசியங்கள் மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் இருந்தன. ஊடுருவியவர் ஓடிக்கொண்டிருந்த ஒரு நிரலின் நினைவகத்திலிருந்தே மறையாக்கச் சாவியை எடுத்துவிட்டார். 2021-இல் கோட்கவ், 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் என்று, நிரல்களைக் கட்டி அனுப்பும் இந்தக் கட்டுமானப் பாதையைக் குறிவைத்த தாக்குதல்கள் தொடர்வதற்குக் காரணமும் இதுவே. எல்லாச் சாவிகளும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்கப்படும் இடம் அது.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸைப் பயன்படுத்துவோருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அதில் ‘சீக்ரெட்’ என்ற பெயரில் சேமிக்கப்படுவது பேஸ்64 குறிமுறையில் எழுதப்பட்டது மட்டுமே. நாமாகச் சொல்லி அமைக்காதவரை, அடியிலுள்ள சேமிப்பில் அது மறையாக்கம் செய்யப்படுவதில்லை.

அப்படியானால் சாவியின் ஆயுளைக் குறைத்தால் போதுமா? மேகச் சேவைகள் இதை எப்போதோ செய்துவிட்டன. அமேசானின் ஈசி2 சர்வருக்கு ஒரு ‘ரோல்’ ஒட்டிவைத்தால், சில மணி நேரம் மட்டுமே செல்லும் தற்காலிகச் சான்றுகளை அந்த சர்வர் தானே பெற்றுக்கொள்ளும். கேட்க வேண்டிய இடம் 169.254.169.254 என்ற உள்முகவரி. கடவுச்சொல்லை யாரும் எங்கும் எழுதிவைக்கத் தேவையில்லை. அருமையான ஏற்பாடுதான். ஆனாலும் 2019-இல் கேபிடல் ஒன் வங்கியில் களவுபோனது இத்தகைய தற்காலிகச் சான்றுதான்.

அந்தச் சம்பவத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். இணையத்தை நோக்கி நின்ற ஃபயர்வால் ஒன்று தவறாக அமைக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து வரும் கோரிக்கையை, சொன்ன முகவரிக்குத் தன் பெயரிலேயே அது கடத்திவிட்டது. ஊடுருவியவர் அந்த உள்முகவரியைக் கொடுத்தார். ஃபயர்வால் போய்த் தனக்குரிய சான்றைக் கேட்டு வாங்கி, பதிலாக அவர் கையில் கொடுத்தது. காலாவதியானால் மறுபடியும் கேட்கலாம் என்பதால் குறுகிய ஆயுள் அவருக்குத் தடையாகவில்லை. அடுத்து, அந்தச் சான்று வங்கியின் சேமிப்பக வாளிகளைப் பட்டியலிடவும் படிக்கவும் உரிமை பெற்றிருந்தது. இணையப் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலுக்குக் கடன் விண்ணப்பங்களைப் படிக்கும் உரிமை எதற்கு? இந்தக் கேள்வியை அதற்கு முன் யாராவது கேட்டிருந்தால், ஃபயர்வாலின் ஓட்டை ஒரு சிறு செய்தியோடு முடிந்திருக்கும். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் போயின. மார்ச்சில் நடந்தது, வெளியாள் ஒருவர் மின்னஞ்சலில் தெரிவித்த பிறகு ஜூலையில்தான் வங்கிக்குத் தெரியவந்தது. அமெரிக்க வங்கி ஒழுங்காற்று அமைப்பு 2020 ஆகஸ்டில் 8 கோடி டாலர் அபராதம் விதித்தது.

2019 நவம்பரில் அமேசான் அந்த உள்முகவரிச் சேவையின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. இப்போது முதலில் தனியொரு கோரிக்கை அனுப்பி டோக்கன் பெற வேண்டும், பிறகு அதைத் தலைப்பில் வைத்துத்தான் சான்றைக் கேட்க முடியும். கடத்திவிடப்படும் சாதாரணக் கோரிக்கைகளால் பெரும்பாலும் இந்த இரண்டு படிகளையும் தாண்ட முடியாது. இன்றும் ஒரு நிறுவனத்தின் மேகக் கணக்கைத் தணிக்கை செய்வதென்றால், பழைய முதல் பதிப்பை ஏற்கும் சர்வர்கள் எத்தனை என்பதைத்தான் முதல் கேள்வியாக வைப்பேன். விடை கிடைக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது.

கேபிடல் ஒன் இன்னொன்றையும் காட்டியது. இத்தகைய சான்றுகள் யார் கையில் இருக்கின்றனவோ அவருக்கே சொந்தம். வங்கியின் சர்வரிலிருந்து எடுத்ததை உலகின் வேறொரு மூலையிலிருந்தும் பயன்படுத்த முடிந்தது. எனவே கடந்த பத்தாண்டில் சிந்தனை வேறு திசையில் நகர்ந்திருக்கிறது. இயந்திரத்திடம் ரகசியத்தைக் கொடுத்துவைத்துப் பிறகு அதைக் கேட்பதற்குப் பதிலாக, அது எங்கே, எந்தச் சூழலில், யாரால் இயக்கப்படுகிறது என்பதை நம்பகமான மூன்றாம் தரப்பிடம் விசாரித்து அடையாளம் கொடுப்பது. ஊருக்குள் புதிதாக வரும் பையனிடம் அடையாள அட்டை கேட்காமல் ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்டு, அந்த வீட்டாரிடமே உறுதி செய்துகொள்வதைப் போன்றது இது.

ஸ்பிஃபி என்ற திறந்த தரமும் அதைச் செயல்படுத்தும் ஸ்பையர் என்ற மென்பொருளும் இந்த வழியில் முதிர்ந்தவை. கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன் 2022-இல் இரண்டுக்கும் முழுத் தகுதி வழங்கியது. ஸ்பையரில், ஒரு சர்வர் முதலில் மேக நிறுவனம் கையொப்பமிட்ட ஆவணத்தைக் காட்டித் தன்னை நிரூபிக்கிறது. பிறகு அந்த சர்வரிலுள்ள முகவர் நிரல், தன்னை அழைக்கும் செயல்முறை எது, எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறது, எந்தக் கன்டெய்னரைச் சேர்ந்தது என்பதை இயக்குதளத்தின் கருவிடமே கேட்டறிகிறது. எல்லாம் பொருந்தினால், இயல்பாக ஒரு மணி நேரம் மட்டும் செல்லும் சான்றிதழைக் கொடுக்கிறது. நிரலாளர் எந்த ரகசியத்தையும் தொடவே இல்லை. ‘சீக்ரெட் ஸீரோ’ புதிருக்கு நான் பார்த்தவற்றில் நேர்மையான விடை இதுவே.

இதே தத்துவத்தின் எளிய வடிவம் சிறு குழுக்களுக்கும் கைக்கெட்டும். 2021 இறுதி முதல் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஓடும் ஒவ்வொரு வேலையும், தான் எந்தக் களஞ்சியத்தின் எந்தக் கிளையிலிருந்து வருகிறேன் என்பதைச் சொல்லும் கையொப்பமிட்ட டோக்கனைக் காட்டி மேகத்திடம் தற்காலிக உரிமை பெறலாம். நிரந்தரச் சாவி எதையும் கிட்ஹப்பில் சேமிக்க வேண்டியதில்லை. ஆனால் மேகத்தின் பக்கம் எழுதும் நிபந்தனையில் கவனம் வேண்டும். ‘கிட்ஹப் கையொப்பமிட்டது’ என்பதை மட்டும் சரிபார்த்துவிட்டு, எந்தக் களஞ்சியம் என்பதைச் சரிபார்க்காமல் விட்டால், உலகிலுள்ள எந்தக் கிட்ஹப் பயனரும் உள்ளே வரலாம். சாவியை ஒழித்த இடத்தில் ஒரு வரி நிபந்தனை சாவியாகிவிடுகிறது. அந்த வரியை இரண்டாவது ஆள் படித்துப் பார்க்காமல் ஏற்கவே கூடாது.

இருந்தும் நிரந்தரச் சாவிகள் நாளையே மறைந்துவிடப் போவதில்லை. பழைய தரவுத்தளம் கடவுச்சொல்தான் கேட்கும், வெளி நிறுவனத்தின் சேவை ஏபிஐ கீதான் கொடுக்கும். இருக்கும் சாவிகளை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்று பல விதிமுறைகள் சொல்கின்றன. ஆனாலும் மாற்றுவதில்லை. சோம்பல் காரணமல்ல, பயம். இந்தச் சாவியை மாற்றினால் எது நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது.

இந்தப் பயத்தின் விலையை 2023-இல் மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. சீனாவுடன் தொடர்புடைய ஸ்டார்ம்-0558 குழு, தனிநபர் கணக்குகளுக்கான டோக்கன்களில் கையொப்பமிடும் ஒரு சாவியைக் கைப்பற்றி, போலி டோக்கன்களைத் தானே செய்துகொண்டது. இன்னொரு வழுவின் காரணமாக, தனிநபர் சாவியின் கையொப்பத்தை நிறுவன அஞ்சல் பெட்டிகளும் ஏற்றன. அமெரிக்க வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 மின்னஞ்சல்கள் போயின. அந்தச் சாவி 2016-இல் உருவாக்கப்பட்டது. அமெரிக்க சைபர் பாதுகாப்பு மறுஆய்வு வாரியத்தின் 2024 அறிக்கை சொல்வது இது: மைக்ரோசாஃப்ட் இந்தச் சாவிகளைக் கையால்தான் மாற்றிவந்தது, அப்படி மாற்றியபோது பெரிய சேவைத்தடை ஒன்று நேர்ந்தது, அதன்பின் 2021-இல் மாற்றுவதையே நிறுத்திவிட்டது. சாவி எப்படிக் களவுபோனது என்பதை வாரியத்தாலும் உறுதி செய்ய முடியவில்லை.

இணையச் சேவை நிறுவனமான க்ளவுட்ஃப்ளேரின் அனுபவம் இன்னும் நுட்பமானது. 2023 அக்டோபரில், அடையாளச் சேவை வழங்கும் ஆக்டா நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில் க்ளவுட்ஃப்ளேரின் சான்றுகளும் கசிந்தன. அவர்கள் உடனே ஆயிரக்கணக்கானவற்றை மாற்றினார்கள். ஒரு டோக்கனும் மூன்று சேவைக் கணக்குகளும் விடுபட்டன. அவை பயன்பாட்டில் இல்லை என்று தவறாக நினைத்ததுதான் காரணம். நவம்பரில் ஊடுருவியவர்கள் நுழைந்தது அந்த நான்கின் வழியாகத்தான். அதன்பின் 5,000-க்கும் மேற்பட்ட சான்றுகளை அந்நிறுவனம் மறுபடி மாற்றியது. பயன்பாட்டில் இல்லாத சாவி என்றால் அதை அழித்திருக்க வேண்டும். ‘யாரும் பயன்படுத்துவதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்ற எண்ணத்தைப் போல ஆபத்தான ஒன்று இத்துறையில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

பயத்தைப் போக்க வழக்கமான வழி ஒன்று உண்டு. அமேசானில் ஒரு பயனருக்கு ஒரே சமயத்தில் இரண்டு ஆக்சஸ் கீகள் அனுமதிக்கப்படுவது இதற்காகவே. புதியதை உருவாக்கி, நிரல்களை ஒவ்வொன்றாக அதற்கு மாற்ற வேண்டும். பழையது கடைசியாக எப்போது, எந்தச் சேவையில் பயன்பட்டது என்ற பதிவைத் தினமும் பார்க்க வேண்டும். அது நகராமல் நின்ற பிறகு, அழிக்காமல் முடக்கி மட்டும் வைக்க வேண்டும். ஏதாவது நின்றால் ஒரு சொடுக்கில் மீட்கலாம். மாத இறுதியில் மட்டும் ஓடும் நிரல்கள் உண்டு என்பதால் ஒரு மாதமாவது பொறுத்துப் பார்த்து, பிறகு அழிக்கலாம். இதைப் பலமுறை செய்த குழு, ஊடுருவல் நடந்த இரவில் கை நடுங்காமல் செய்யும். முதல்முறையாக அன்றுதான் செய்யும் குழுவால் அது முடியாது.

சான்றிதழ்களின் உலகம் இந்தப் பாடத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. 2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் மென்பொருளின் ஒரு சான்றிதழ் காலாவதியானதில், பிரிட்டனின் ஓ2 வலையமைப்பில் சுமார் 3.2 கோடிப் பேருக்கு மொபைல் இணையம் நின்றது. கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் வலையமைப்புப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் 19 மாதங்களாகக் காலாவதியாகிக் கிடந்தது. 2017 ஜூலையில் அதைப் புதுப்பித்ததுமே, நடந்துகொண்டிருந்த தரவுத் திருட்டு கண்ணில் பட்டது. இப்போது இணையச் சான்றிதழ்களின் உச்ச ஆயுளை 398 நாளிலிருந்து 2026 மார்ச்சில் 200 ஆகவும், 2027-இல் 100 ஆகவும், 2029-இல் 47 நாளாகவும் குறைக்க 2025 ஏப்ரலில், சான்றிதழ் வழங்குவோரும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் முடிவெடுத்திருக்கிறது. 47 நாளுக்கொருமுறை கையால் மாற்றிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. இயந்திரமே செய்தாக வேண்டும் என்பதற்காகவே இந்தக் குறைப்பு. நிர்வாகிகள் சிலர் இதைத் தொல்லையாகப் பார்க்கிறார்கள். நான் முழுமனதாக வரவேற்கிறேன். அடிக்கடி மாறும் சாவியைத்தான் பயமின்றி மாற்ற முடியும்.

ஆயுளையும் உரிமையையும் சரிசெய்த பிறகும் பொறுப்பாளர் என்ற கேள்வி மிஞ்சுகிறது. மைக்ரோசாஃப்டுக்குள் 2023 நவம்பர் இறுதியில் ரஷ்யக் குழு ஒன்று நுழைந்தபோது, அது முதலில் பிடித்தது இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய சோதனைக் கணக்கை. அங்கிருந்து, நிறுவனத்தின் உள் அமைப்பில் மிகுந்த உரிமை பெற்றிருந்த ஒரு பழைய சோதனை ஓஆத் செயலி வழியாக உயர் அதிகாரிகளின் அஞ்சல்வரை போனது. யாரோ எப்போதோ சோதனைக்காக உருவாக்கிய செயலி அது. ஒவ்வோர் இயந்திர அடையாளத்தின் பக்கத்திலும் உயிருள்ள ஒருவரின் பெயர் இருக்க வேண்டும். அவர் துறை மாறினால் அந்தப் பெயரும் மாற வேண்டும். பெயர் கிடைக்காத அடையாளத்தை முடக்கிவிட வேண்டும். இந்தியாவின் சைபர் அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. எந்தச் சாவி யாருடையது, எதைத் திறக்கும் என்ற பட்டியல் இல்லாத நிறுவனத்துக்கு அந்த ஆறு மணி நேரத்தில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

நம் வீட்டுப் பட்டியல் மட்டும் போதாது என்பதை 2025 ஆகஸ்ட் காட்டியது. சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்தின் டிரிஃப்ட் என்ற அரட்டை முகவர், தன்னைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்குகளுக்குள் போய்வர ஓஆத் டோக்கன்களை வைத்திருந்தது. அவை களவுபோனதில் 700-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன. சேல்ஸ்ஃபோர்ஸில் வழு எதுவும் இல்லை, டோக்கன்கள் செல்லுபடியானவை. திருடியவர்கள் தேடியதும் வாடிக்கையாளர் விவரங்களை மட்டுமல்ல. அங்கே சேமிக்கப்பட்டிருந்த, வாடிக்கையாளர்கள் உதவி கேட்டு எழுதிய புகார்க் கடிதங்களுக்குள் அமேசான் சாவிகளின் தொடக்க எழுத்துகளான ஏகேஐஏ-வைத் தேடினார்கள். சிக்கலை விளக்கும் அவசரத்தில் மக்கள் தங்கள் சாவிகளையே அங்கே ஒட்டிவைத்திருந்தார்கள். ஒரு செயலிக்கு அனுமதி கொடுக்கும் பொத்தானை அழுத்தும்போது, நம் சார்பில் எதையெல்லாம் படிக்க விடுகிறோம் என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை. இன்று மின்னஞ்சலையும் கோப்புகளையும் நாள்காட்டியையும் படித்து நமக்காக வேலை செய்யும் செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கும் இதே பொத்தானைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறோம்.

டிரிஃப்டின் டோக்கன்கள் ஆகஸ்ட் 20 அன்று ஒட்டுமொத்தமாக ரத்து செய்யப்பட்டன. கடிதங்களுக்குள் கிடந்த சாவிகளை அப்படி ஒரே வீச்சில் ரத்து செய்ய வழியில்லை. அந்தந்த நிறுவனம்தான் தேடி எடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களில் க்ளவுட்ஃப்ளேரும் உண்டு. களவுபோன கடிதங்களின் பிரதியை அவர்கள் முழுக்கச் சலித்தார்கள். தங்கள் சேவையின் 104 ஏபிஐ டோக்கன்கள் அவற்றில் கிடைத்தன. தவறாகப் பயன்பட்டதற்கான தடயம் எதுவும் தென்படாதபோதும், அந்த 104-ஐயும் மாற்றினார்கள்.